பழைய பைக் தானாக ரேஸ் ஆகிறதா? ஸ்க்ரூவைத் திருகும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான்: வயதான கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வண்டி. காலையில் ஸ்டார்ட் ஆகி ஒழுங்காகத்தான் ஓடுகிறது. சூடான பிறகு ஆக்சிலேட்டரை விட்டாலும் ஆர்.பி.எம். (எஞ்சின் சுற்றும் வேகம்) உடனே இறங்குவதில்லை, மேலேயே தொங்கி நிற்கிறது. சில நேரம் தானாகவே ஏறி இறங்குகிறது. ஸ்லோ ஸ்பீடை (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) குறைத்து வைத்தால் மறுநாள் காலை ஸ்லோ நிற்காமல் எஞ்சின் ஆஃப் ஆகிறது. கார்புரேட்டரைக் கழுவியாகிவிட்டது, ஸ்க்ரூக்களைத் திருகிப் பார்த்தாகிவிட்டது, சரியாகவில்லை. எங்கே தொடங்குவது?

முதலில் அந்த ஸ்க்ரூக்களிலிருந்து கையை எடுங்கள். நேற்று வரை நன்றாக ஓடிய வண்டியில் ஸ்க்ரூ தானாகத் திரும்பிக் கெட்டுப்போவது மிகவும் அபூர்வம். வேறு ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது, வெடித்திருக்கிறது அல்லது அடைத்திருக்கிறது. ஸ்க்ரூவைத் திருகினால் அந்தக் கோளாறு சிறிது நேரம் மறையும், அவ்வளவுதான். அதன் பிறகு உண்மையான காரணத்தைக் கண்டுபிடிப்பது இரண்டு மடங்கு கஷ்டமாகிவிடும், ஏனென்றால் இப்போது கோளாறோடு தப்பான செட்டிங்கும் சேர்ந்துகொண்டது.

பெட்ரோல் எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதை முடிவு செய்வது உள்ளே போகும் காற்று. ஆக்சிலேட்டரைத் திருகும்போது நாம் திறப்பது காற்றின் வழியைத்தான். அந்தக் காற்றின் இழுப்பில் பெட்ரோல் பின்னாலேயே வருகிறது. ஆகவே நீங்கள் கையை எடுத்த பிறகும் ஆர்.பி.எம். மேலே நிற்கிறது என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும்: காற்றின் கதவு முழுதாக மூடவில்லை, அல்லது கதவைச் சுற்றி வேறு வழியாகக் காற்று நுழைகிறது, அல்லது பிளக்கில் பொறி வர வேண்டிய நேரத்துக்கு முன்பே வருகிறது. இதற்கு மாறாக, ஒரே அளவில் ஆக்சிலேட்டரைப் பிடித்திருக்கும்போது வண்டி இழுத்து விட்டு, இழுத்து விட்டுப் போகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை, அல்லது பொறி விட்டுவிட்டு வருகிறது. இந்த இரண்டையும் முதலிலேயே பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வண்டி ஓடும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் அது இந்தக் கோளாறே அல்ல. கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. ஏற்றத்திலும் டாப் கியரிலும் அது தெளிவாகத் தெரியும். அதற்குக் கார்புரேட்டரைக் கழற்றிப் பயனில்லை.

சரி, சத்தத்தைக் கவனிப்போம். எஞ்சின் நன்றாகச் சூடானதும் நியூட்ரலில் ஆக்சிலேட்டரை ஒரு முறை சட்டென்று திருகி விடுங்கள். ஆர்.பி.எம். மேலேயே தொங்கி, பிறகு மெதுவாக இறங்கினால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஸ்லோ ஸ்பீடுக்கும் கீழே விழுந்து, திணறி, மறுபடி மேலே வந்தால் பெட்ரோல் அதிகம். இதை உறுதி செய்ய, குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் விடும் சோக் உதவும். ஆர்.பி.எம். தொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். எஞ்சின் இறங்கி அமைதியானால் அதற்குப் பெட்ரோல் போதாமல் இருந்தது என்று பொருள். உடனே திணறி ஆஃப் ஆகப் பார்த்தால் ஏற்கெனவே பெட்ரோல் அதிகமாகத்தான் போகிறது. பெட்ரோல் எஞ்சினில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று இருந்தால் இரண்டும் முழுதாக எரியும். ஸ்லோ ஸ்பீடில் எஞ்சின் இழுக்கும் கலவையே மிகக் கொஞ்சம் என்பதால், ஒரு முடி அளவு விரிசல் வழியாக வரும் காற்றுகூட இந்தக் கணக்கைக் குலைத்துவிடும். வேகமாக ஓடும்போது அதே விரிசல் தெரியவே தெரியாது. காலையில் தெரியாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்: சோக் போட்டிருக்கும்போது கூடுதலாகப் போகும் பெட்ரோல் அந்தக் காற்றை ஈடுகட்டிவிடுகிறது.

சோதனைகளை எல்லாம் திறந்தவெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடக் கூடாது, புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும்.

முதல் பரிசோதனை ஆக்சிலேட்டர் கேபிள். எஞ்சினை ஸ்லோவில் ஓட விட்டு ஹேண்டில் பாரை இடது கோடி வரைக்கும் வலது கோடி வரைக்கும் திருப்புங்கள். ஏதாவது ஒரு பக்கம் ஆர்.பி.எம். ஏறினால் கேபிள் இழுபடுகிறது. அது போகும் பாதை தப்பு, அல்லது எங்கோ சிக்கியிருக்கிறது. டேங்கைக் கழற்றி மாட்டிய பிறகு இந்தப் பிரச்சினை வந்திருந்தால், டேங்குக்கு அடியில் கேபிள் நசுங்குகிறதா என்று பாருங்கள். கைப்பிடியில் 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஆக்சிலேட்டரைத் திருகி விட்டால் 'டக்' என்று சத்தத்தோடு திரும்பி வர வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் கேபிளுக்குள் துருவோ பிரிந்த இழையோ இருக்கிறது. புதுக் கேபிள் போடுங்கள். எண்ணெய் விட்டு ஓட்டுவது தற்காலிகம்தான், ஓடும் வண்டியில் ஆக்சிலேட்டர் சிக்கிக்கொள்வது உயிருக்கே ஆபத்து. அப்படி எப்போதாவது சிக்கினால் கில் சுவிட்சை அணைத்து, கிளட்சைப் பிடித்து, ஓரமாக வந்து நில்லுங்கள்.

கார்புரேட்டரைக் கழுவிய பிறகு கோளாறு அதிகமாகியிருந்தால் ஸ்லைடையும், அதாவது ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் காற்றின் கதவையும், கழற்றிப் பார்க்க வேண்டும். உருளை வடிவ ஸ்லைடின் ஒரு பக்கம் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். அந்த வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் ஸ்லைடு முழுதாக இறங்காது, எஞ்சின் ஸ்டார்ட் ஆனதுமே அலறும். கேபிளின் வெளி உறை, கார்புரேட்டர் மூடியில் அது உட்காரும் இடத்தில் சரியாக இறங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். விளிம்பில் ஏறி நின்றாலே போதும், ஸ்லைடு தூக்கிக்கொள்ளும். சோக்குக்கும் இதே பார்வை தேவை. பல கார்புரேட்டர்களில் சோக் என்பது தனி வழியாகப் பெட்ரோலும் காற்றும் சேர்த்து விடும் ஒரு சின்னப் பிஸ்டன். அதன் முனையில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தாலோ கேபிள் முழுதாக விடாமல் இருந்தாலோ, சோக் எப்போதும் பாதி திறந்தே இருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் அடுத்தது ஏர் லீக். நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு என் முதல் சந்தேகம் இங்கேதான். கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் மேனிஃபோல்டு ரப்பர், எஞ்சின் சூட்டிலும் பெட்ரோல் ஆவியிலும் வருடக்கணக்கில் வெந்து கெட்டியாகிறது. மேலே பார்த்தால் நன்றாகவே தெரியும். கிளாம்பைக் கழற்றி, ரப்பரைக் கையால் வளைத்தால்தான் கிளாம்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் வெடிப்புகள் வாயைத் திறக்கும். அதன் பின்னால் எஞ்சின் பக்கம் ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இருக்கும். பழசானால் அது தட்டையாகிவிடும், நகத்தால் அழுத்தினால் எழும்பாது. கார்புரேட்டரின் தட்டையான முகத்தை இரண்டு போல்ட் போட்டு இறுக்கும் வகை வண்டியென்றால், அளவுக்கு மீறி இறுக்கி இறுக்கி அந்த முகமே வளைந்திருக்கும். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பார்த்தால் இடைவெளி தெரியும். புதுக் கேஸ்கட் போட்டும் லீக் நிற்கவில்லை என்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கத் தவறுகிறார்கள். மேனிஃபோல்டில் வாக்குவம் (எஞ்சினின் காற்று இழுப்பு) எடுக்கும் சின்னக் குழாய் இருந்தால், அதன் மூடி ரப்பர் இருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

லீக்கைக் கண்டுபிடிக்கப் பலர் கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்ப்பார்கள். சூடான சைலன்சர் பக்கத்திலேயே இருக்கும்போது அது தீப்பிடிக்கக்கூடிய விஷயம். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரே போதும். எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது இணைப்புகளில் ஒவ்வொரு இடமாக மெல்லிய தூறலாக அடியுங்கள். லீக் உள்ள இடத்தில் தண்ணீர் சில நொடி அடைப்பாக நிற்கும், எஞ்சின் சத்தம் மாறும். அந்த இடத்தை மறுபடி மறுபடி அடித்து ஒரே மாற்றம் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிளக் கேப், இக்னிஷன் காயில் மேல் தண்ணீர் படக் கூடாது. பட்டால் மிஸ்ஸிங் (பொறி விட்டுவிட்டு வருவது) வந்து உங்களை வேறு பக்கம் இழுத்துச் சென்றுவிடும். கார்புரேட்டரைக் கையால் பிடித்து மேலும் கீழும் லேசாக அசைத்தும் பாருங்கள். ஆர்.பி.எம். மாறினால் வேறு சாட்சி தேவையில்லை. வெடித்த ரப்பரில் பசை தடவி ஒட்ட வேண்டாம். பெட்ரோலுக்கும் சூட்டுக்கும் எந்த ஒட்டும் நெடுநாள் தாங்காது, உடைந்து விழும் துண்டு எஞ்சினுக்குள்தான் போகும்.

டூ-ஸ்ட்ரோக் வண்டியாக இருந்தால் இந்த இடத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் காற்றும் பெட்ரோலும் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் கேஸ் வழியாகப் போகின்றன. கிராங்க் ஷாஃப்டின் இரண்டு பக்கமும் ஆயில் சீல் இருக்கும். மின்சாரம் தரும் மேக்னெட் பக்கத்து சீல் கெட்டுப்போனால் அந்த வழியாக வெறும் காற்று உள்ளே வரும். கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் சரியாகாது, ஏனென்றால் லீக் கார்புரேட்டரைத் தாண்டி உள்ளே இருக்கிறது. கியர்பாக்ஸ் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து எரிக்கும். வெள்ளைப் புகையும் குறையும் ஆயில் அளவும் காட்டிக்கொடுக்கும். காற்று அதிகமான கலவை மிகச் சூடாக எரியும். அதோடு டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கும் கிராங்க்குக்கும் ஆயில் போவதே பெட்ரோலோடு சேர்ந்துதான், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சீஸ் ஆகும் (இறுகிச் சிக்கிக்கொள்ளும்), சில நேரம் உச்சியில் ஓட்டையே விழும். எனவே டூ-ஸ்ட்ரோக் தானாக ரேஸ் ஆகிறது என்றால் காரணம் தெரியும் வரை ஓட்ட வேண்டாம். நின்ற இடத்தில் எஞ்சின் அலறிக் கில் சுவிட்சுக்கும் அடங்காமல் போனால், பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு மேல் கியரில் போட்டு கிளட்சை விட்டு ஆஃப் செய்யுங்கள். மேக்னெட் மூடியைத் திறந்து சீலைச் சுற்றி ஈரம் இருக்கிறதா பார்ப்பது ஒரு எளிய அறிகுறி. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் எஞ்சினின் வாய்களை அடைத்துச் சிறிது காற்றழுத்தம் கொடுத்து, அது நிற்கிறதா என்று பார்க்கும் சோதனையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் செய்யச் சொல்லுங்கள்.

ஏர் லீக் இல்லை, ஆனாலும் பெட்ரோல் குறைவுதான் என்று சோக் சோதனை சொல்கிறதா? அப்போது ஸ்லோ ஜெட், அதாவது ஸ்லோ ஸ்பீடுக்குப் பெட்ரோல் விடும் சின்னப் பித்தளைத் துண்டு. அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பல மாதம் நிறுத்தி வைத்த வண்டியில் பெட்ரோல் காய்ந்து படியும் பிசின் அதை எளிதாக அடைத்துவிடும். உங்கள் கதையும் இங்கே பொருந்துகிறது: ஜெட் பாதி அடைத்தால் ஸ்லோ நிற்காது, ஸ்லோ நிற்க வேண்டும் என்று ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவை ஏற்றுவோம், அந்த ஸ்க்ரூ ஸ்லைடைத் தூக்கிப் பிடிக்கிறது, காற்று மட்டும் கூடுகிறது, எஞ்சின் சூடானதும் ஆர்.பி.எம். தொங்குகிறது, குறைத்தால் காலையில் ஸ்லோ நிற்பதில்லை. இந்தச் சுழலில் மாட்டிய வண்டிகள் ஏராளம். வெளியே மட்டும் கழுவினால் போதாது. ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், துளை வட்டமாகத் தெரிய வேண்டும். கிளீனரில் ஊற வைத்துக் காற்றடித்து எடுங்கள். ஊசியோ எஃகுக் கம்பியோ விட்டுக் குத்தினால் பித்தளை தேய்ந்து துளை பெரிதாகும். கார்புரேட்டர் உடலுக்குள் போகும் நுண்வழிகளிலும் கிளீனரை அடித்து அது மறுமுனையில் வெளியே வருகிறதா என்று பாருங்கள். ஃப்ளோட் (கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவை) தப்பாக அமைந்து பெட்ரோல் மட்டம் குறைந்திருந்தாலும் இதே அறிகுறிதான். அதற்கான அளவு ஒவ்வொரு மாடலுக்கும் வேறு, மேனுவலைப் பார்த்தே வையுங்கள்.

ஸ்லைடுக்கு மேலே ரப்பர் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) உள்ள கார்புரேட்டராக இருந்தால் அந்த ரப்பரையும் வெளிச்சத்துக்குப் பிடித்து, மெதுவாக விரித்துப் பாருங்கள். ஊசி முனை அளவு ஓட்டை போதும், ஸ்லைடு சீராக எழும்பாமல் நடு வேகத்தில் வண்டி தயங்கும். டயஃப்ரம் மேல் கிளீனர் அடிக்க வேண்டாம், ரப்பர் ஊதி அதன் இடத்தில் உட்காராமல் போகும். இந்த வகையில் காற்றின் கதவு சின்னத் தகடாக ஒரு தண்டில் சுழலும். பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அந்தத் தண்டின் இரண்டு முனையிலும் தேய்மானம் விழுந்து அங்கேயும் காற்று நுழையும். தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

ஓடும்போது மட்டும் இழுத்து விட்டு, இழுத்து விட்டுப் போவதற்கு டேங்கிலிருந்தே தொடங்குங்கள். கொஞ்ச தூரம் போனதும் இந்தக் கோளாறு வந்தால் உடனே நிறுத்தி டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், அதற்குப் பிறகு வண்டி நன்றாக ஓடினால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இல்லையென்றால் பெட்ரோல் ட்யூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும். சொட்டினாலோ போகப்போக மெலிந்தாலோ டேப்பில் உள்ள வலையில் துரு சேர்ந்திருக்கிறது. வாக்குவத்தில் திறக்கும் டேப் என்றால் அதன் வாக்குவம் ட்யூபைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டேப்பின் டயஃப்ரம் கிழிந்து, அந்த வழியாகப் பெட்ரோல் நேரே எஞ்சினுக்குள் போகிறது.

இனி பொறி. ஆர்.பி.எம். மீட்டர் மின்சாரத்தில் இயங்கும் வகையாக இருந்தால் அது ஒரு நல்ல சாட்சி. வண்டி தடுமாறும் நொடியில் முள் எஞ்சினை விட வேகமாகச் சரிந்து விழுந்தால் பொறி அறுபடுகிறது. எஞ்சின் சத்தத்தோடு சேர்ந்து மெதுவாக இறங்கினால் பெட்ரோல் பக்கம் பாருங்கள். பொறி அறுபடும் வண்டியில் கில் சுவிட்ச், சாவி சுவிட்ச், எர்த் வயர் இணைக்கும் இடம் ஆகியவற்றைத்தான் முதலில் சுத்தம் செய்ய வேண்டும். எஞ்சின் ஓடும்போது வயரிங்கை ஒவ்வொரு இடமாக அசைத்துப் பார்ப்பதும் பலன் தரும்.

பிளாட்டினம் பாயிண்ட் (பொறியை வரவைக்கும் இயந்திர சுவிட்ச்) வைத்த பழைய வண்டிகளில் இன்னொரு காரணம் ஒளிந்திருக்கிறது. வேகம் கூடக் கூடப் பொறியை முன்னதாக வரவைக்க உள்ளே இரண்டு எடைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் இருக்கும். பல வண்டிகளில் ஸ்லோவில் 10 முதல் 15 டிகிரி முன்னால் வரும் பொறி, வேகத்தில் 30 டிகிரியைத் தாண்டும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ, எடைகள் கிரீஸ் காய்ந்து ஒட்டிக்கொண்டாலோ, ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் பொறி முன்னாலேயே நிற்கும். ஆர்.பி.எம். இறங்க மறுக்கும். அச்சு அசல் ஏர் லீக் போலவே இருக்கும், ஆனால் சோக் போட்டாலும் தண்ணீர் அடித்தாலும் மாற்றம் வராது. டைமிங் லைட்டை (பொறி வரும் நொடியில் மின்னும் விளக்கு) அடித்துப் பார்த்தால் ஸ்லோவில் பொறி வர வேண்டிய இடத்தைக் காட்டும் 'எஃப்' குறி அதன் இடத்தில் நிற்காமல் அலையும். கழற்றிச் சுத்தம் செய்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஸ்பிரிங்கை மாற்றினால் தீர்ந்தது.

டாப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி) எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மேனுவல் அளவுக்கு வையுங்கள். இடைவெளி குறைந்த வால்வு சூட்டில் முழுதாக மூடாமல் ஸ்லோவைக் கெடுக்கும். இரண்டு, நான்கு சிலிண்டர் வண்டிகளில் கார்புரேட்டர்கள் ஒன்றுக்கொன்று சமமாகத் திறக்க வேண்டும், வாக்குவம் கேஜ் இல்லாமல் அதைத் துல்லியமாகச் சரி செய்வது கடினம். பழைய இன்ஜெக்ஷன் வண்டியிலும் ஏர் லீக்கைத் தேடும் முறை மாறுவதில்லை. அதோடு த்ராட்டில் பாடியில் (கார்புரேட்டர் இடத்தில் காற்றின் கதவு உள்ள பாகம்) படிந்த கரி, ஸ்லோ காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு, சென்சாருக்குப் போகும் வாக்குவம் ட்யூபின் வெடிப்பு ஆகிய மூன்றையும் பாருங்கள்.

கோளாறு எதுவோ அது சரியான பிறகு ஸ்க்ரூவுக்கு வரலாம். ஸ்லோவில் காற்று-பெட்ரோல் கலவையை மாற்றும் மிக்சர் ஸ்க்ரூ இரண்டு வகை. ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது பெரும்பாலும் ஏர் ஸ்க்ரூ, வெளியே திருகினால் காற்று கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் ஸ்க்ரூ, வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். இந்த வித்தியாசம் தெரியாமல் திருகுவதால்தான் பல வண்டிகள் தலைகீழாகச் செட் ஆகின்றன. லேசாக உட்காரும் வரை உள்ளே திருகுங்கள், இறுக்கினால் கூர்முனை சேதமாகும். மேனுவலில் சொன்ன சுற்று வெளியே எடுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு ஒன்றரை முதல் இரண்டரைச் சுற்றுக்குள் அமையும். ஏர் ஃபில்டர், அதன் பெட்டி எல்லாம் மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, கால் சுற்றாகத் திருகி ஆர்.பி.எம். உச்சமாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைக் குறைத்து மேனுவல் சொல்லும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் அது பெரும்பாலும் 1,200 முதல் 1,400 வரை இருக்கும். மிக்சர் ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் எஞ்சினில் மாற்றமே இல்லை என்றால் ஸ்லோ ஜெட் வழி இன்னும் அடைத்திருக்கிறது, அல்லது ஸ்லைடு இன்னும் தூக்கியே நிற்கிறது. அப்போது ஸ்க்ரூவை அப்படியே விட்டுவிட்டு ஜெட்டை மறுபடி கழற்றுங்கள்.